காரில் அடைக்காமல் விட்ட ஓட்டைகள்

சனோபர்,

கஞ்சி ஃபிளாஸ்கில் இருக்கிறது, ஆஷிகா எழுந்ததும் கொடு. பத்து மணிக்கு டாக்டரிடம் போக ஆட்டோ சொல்லிவிட்டேன். நான் கடையிலிருந்து நேரே அங்கு வந்துவிடுகிறேன்.

மூன்று நாளாக நீ என்னோடு பேசாததில் தப்பில்லை. காரில் ஏசியைக் கழற்றியபோது, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகட்டில் குழாய் போன ஓட்டைகளை அடைக்காமல் விட்டது நான்தான். திருமங்கலம் போகையில், "உள்ள புகை நாத்தம் அடிக்குதுங்க" என்றாய். "கண்ணாடிய இறக்கிட்டுப் பேசாம வா" என்று அதட்டினேன். பின்சீட்டில் பிள்ளை தூங்குகிறாள் என்றே நினைத்தேன். மயங்கிக் கிடந்திருக்கிறாள்.

நேற்று தகரம் வைத்து முடுக்கி, சுற்றிலும் சீலண்ட் பூசி அடைத்துவிட்டேன். ஆனாலும் அந்தக் காரில் உங்களை ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மின்ஹாஜ்

பி.கு. "தல இன்னும் வலிக்குதும்மா, அத்தாகிட்ட சொல்லிறாத, அழுவாக" என்று அவள் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடு.