எண்பத்தெட்டாம் நிமிடத்து விசில்

சோஃபியா
20 ஏப்ரல் 1953

அன்புள்ள நெவேனா,

நீ ஊருக்குப் போய் இருபது நாள் ஆகிறது. உன் தம்பி டோப்ரியின் மனைவிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது என்று உன் அம்மா தந்தி கொடுத்திருந்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லாத தந்தியை இப்போதுதான் பார்க்கிறேன்!

என் செய்தி இதுதான். மே பத்தாம் தேதி கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். பதினாறு வருடம் சேற்றிலும் பனியிலும் விசில் ஊதிய பிறகு இப்போதுதான் அவர்களுக்குக் கண் திறந்தது. டிராம் பணிமனையில் கூட வேலை செய்கிற எல்லாரும் வந்து கை குலுக்கினார்கள்.

ஆமாம், உங்கள் ஊர் ரெகோவோ அணி ஆடுகிற ஆட்டம்தான். டோப்ரி ஆடுகிற ஆட்டம்தான். அப்பா, மகன், கூடப்பிறந்தவர் யாராவது ஆடுகிறார்களா என்று கால்பந்துச் சங்கத்தின் படிவத்தில் கேட்டிருந்தது. மனைவியின் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லையே?

உன் வெலிசார்

ரெகோவோ
24 ஏப்ரல்

அன்புள்ள வெலிசாருக்கு,

பெண் குழந்தை. வாய் அப்படியே டோப்ரி. தெருக்கோடி வரை கேட்கிறது.

நடுவர் வேலை வேண்டாம். ஜுரம் என்று சொல்லுங்கள், கால் சுளுக்கு என்று சொல்லுங்கள். உங்கள் ஆசை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரெகோவோ ஜெயித்தால் மாப்பிள்ளை தூக்கிக் கொடுத்த கோப்பை என்பார்கள். தோற்றால் நான் இங்கே தலைகாட்ட முடியாது. டோப்ரி இப்போதே காபிக்கடையில் உட்கார்ந்து, "விசில் மச்சான் கையில இருக்கு, எங்களுக்கு ஒரு கோல் இனாம்!" என்று உளறிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் புகையிலை ஆலை அணி இதுவரை இறுதி ஆட்டத்தை எட்டியதே இல்லை. ஊரே ரயிலேறப் போகிறது. எனக்காக விட்டுவிடுங்கள். உடனே பதில் போடுங்கள்.

நெவேனா

சோஃபியா
11 மே

அன்புள்ள நெவேனா,

உனக்குப் பதில் எழுதாமலே நேற்று மைதானத்தில் இறங்கிவிட்டேன். எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய் என்ற பயம்.

ரேடியோவில் கேட்டிருப்பாய். எண்பத்தெட்டாவது நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. தலைநகரத்து அணி மூலையிலிருந்து உதைத்த பந்து ரெகோவோவின் கோல் முன்னால் வந்து இறங்கியது. கும்பலோடு டோப்ரியும் எம்பினான். பந்து திரும்பி வெளியே போனது. கை பட்டது என்று ஊதினேன். பெனால்டி. கோல். அத்தோடு முடிந்தது.

டோப்ரி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். "மச்சான், நெஞ்சுலதான் பட்டுச்சு! அப்பா சமாதி மேல சத்தியம்!" என்று கத்தினான். நல்லவேளை, அந்தக் கூச்சலில் அவன் மச்சான் என்றது சங்கத்துக்காரர் யார் காதிலும் விழவில்லை.

எப்போது வருகிறாய்? என் சமையலை நானே சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது.

வெலிசார்

ரெகோவோ
16 மே

வெலிசாருக்கு,

ரொட்டிக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் வாசல் கதவில் யாரோ கரியால் விசில் படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். டோப்ரி குழந்தையைக்கூடத் தூக்குவதில்லை.

அவன் செத்துப்போன அப்பா மேல் சத்தியம் செய்கிறான். நீங்கள் கை பட்டது என்று ஊதினேன் என்கிறீர்கள். நடுவில் நான் யாரை நம்புவது?

ஒரே ஒரு கேள்வி. பந்து அவன் கையில் பட்டதை உங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்தீர்களா? "பார்த்தேன்" என்று எழுதுங்கள், மறுநாளே ரயிலேறுகிறேன், இங்கே யார் என்ன சொன்னாலும் சரி. பார்க்காமல் ஊதியிருந்தால் நான் வரமாட்டேன். இனி எப்போதுமே.

நெவேனா

சோஃபியா
27 மே

அன்புள்ள நெவேனா,

நான்கு முறை "பார்த்தேன்" என்று எழுதினேன். நான்கையும் கிழித்துப் போட்டேன்.

பார்க்கவில்லை. நடுவில் ஒருவனுடைய முதுகு மறைத்துவிட்டது. பந்து திசை மாறியது மட்டும்தான் தெரிந்தது. அது நெஞ்சாகவும் இருந்திருக்கலாம். அப்புறம் டோப்ரி தரைக்கு வந்தான், அவன் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருடமாக, வரும்போதெல்லாம் நம் மேசையில் சீட்டாடுகிறான். சீட்டை ஒளித்துவிட்டுக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி புருவத்தைத் தூக்குவானே, அதே முகம். ஊதிவிட்டேன்.

வேறு எவனாக இருந்தாலும் ஆட்டத்தை ஓடவிட்டிருப்பேன். உன் தம்பி என்பதால்தான் மாட்டிக்கொண்டான். எனக்கே வெட்கமாக இருக்கிறது. மனைவியின் தம்பி ஆடுகிறான் என்று சங்கத்தில் போய்ச் சொன்னேன், விசிலையும் வைத்துவிட்டு வந்தேன். நீ சொன்ன அன்றே அதைச் செய்திருக்க வேண்டும்.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை.

வெலிசார்

ரெகோவோ
1 ஜூன்

அன்புள்ள வெலிசாருக்கு,

டோப்ரியை உட்காரவைத்து உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். முதலில் குதித்தான். பிறகு தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "பட்டுச்சுக்கா. விரல் நுனிதான். பந்து தலைக்கு மேல போயிடும் போல இருந்துச்சு, கை தானா தூக்கிக்கிச்சு" என்றான். "ஊர்ல சொல்லிடாதக்கா. அப்புறம் நான் ஆலைக்குள்ள கால் வைக்க முடியாது" என்று அழுதான். நானும் அழுதேன்.

நான் சொல்ல மாட்டேன். அதனால் இந்த ஊருக்கு நீங்கள் அநியாயமாக ஊதியவர்தான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பங்கு.

என் கோபம் இன்னும் தீரவில்லை. வேண்டாம் என்று நான் கெஞ்சி எழுதியதற்கு ஒரு வரி பதில் போட உங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் "பார்த்தேன்" என்று ஒரு சொல் போட்டிருந்தால் நான் வந்திருப்பேன். அது தெரிந்தும் நீங்கள் போடவில்லை.

வியாழக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். அந்த நேரத்தில் ஆலை மணி அடித்து ஊரே தெருவில் நிற்கும், விடியற்காலை வண்டியில் போய்விடு என்றாள் அம்மா. டோப்ரிதான் கூடாது என்றுவிட்டான். என் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக ஸ்டேஷன் வரை வருகிறானாம்.

"யாராவது எங்கேன்னு கேட்டா என்னடா சொல்லுவ?" என்றேன்.

"மச்சான் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்னு சொல்லுவேன்" என்றான்.

உங்கள் நெவேனா