முகம் முழுக்க மஞ்சள்

செப்டம்பர் 27, சனி

காலையில் மழை. பிறகு காற்று. கராஜில் பெயின்ட் அடிக்கிற நாளே இல்லை. அடித்தேன். துவைத்த துணியெல்லாம் பெயின்ட் வாடை என்று மாலதி ஒரு பாட்டம் திட்டினாள்.

பக்கத்து வீட்டு ஆலனின் பொம்மை டீசல் இன்ஜின். (பொம்மை என்றால் கோபம் வரும். மாடல்.) ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. கடையில் வாங்கியது நீலம். ஆலனின் அப்பா இங்கிலாந்தில் ஓட்டியதோ, நீலம் வருவதற்கு முந்தைய பச்சை. வண்டியின் முகத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம். தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் தூரத்திலேயே பார்த்து ஒதுங்குவதற்கு.

மூன்று பச்சை கலந்தேன். முதலாவது வேப்பிலை, இரண்டாவது மிலிட்டரி. மூன்றாவது சரி.

ஆலனுக்கு எழுபத்தெட்டு. கண்ணின் நடுவில் மறைக்கிறது, ஓரத்தில்தான் பார்வை. 6ஆம் தேதி மெல்பர்ன், மகள் வீட்டுக்கு, ஒரேயடியாக. தன் கராஜில் போட்டிருக்கும் மாடல் ரயில் பாதையைப் பிரிப்பதற்குள் அப்பாவின் வண்டியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கவேண்டுமாம். ஞாயிறு 5ஆம் தேதி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நிவி பிறந்த அன்று நான் சிட்டியில், மீட்டிங்கில், போனை அணைத்துவிட்டு. மாலதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஆலன். ஐந்து மணி நேரம் அவள் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு ஒரு இன்ஜின் எந்த மூலைக்கு.

செப்டம்பர் 29, திங்கள்

வேலை முடிந்து ஆலன் கராஜ். பழைய வண்டிகளை ஓட்டினோம். எது எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் "வருது, வருது". அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். வீடு விற்கிற எஸ்டேட் ஏஜென்ட் வந்தபோது கேட்டார், "Is that Hindi?" "No mate, that's railway," என்றார் ஆலன்.

வாங்க: மாஸ்கிங் டேப், பொரி, வாழைப்பழம், வார்னிஷ்.

அக்டோபர் 1, புதன். ஆயுதபூஜை

வெயில். பென்டில் ஹில் கடையில் பொரி தீர்ந்துவிட்டது. தான் வாங்கிய கடைசிப் பாக்கெட்டைப் பாதி பிரித்துக் கொடுத்தார் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி. "வீட்டில பிள்ளை இருக்கெல்லே, கொண்டு போம்." யாரென்றே தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் சாமி முன்னால் லேப்டாப், கார் சாவி, நிவியின் கீபோர்டு, மாலதியின் ஸ்டெதஸ்கோப். நடுவில் ஆலனின் இன்ஜின். சந்தனம், குங்குமம்.

"புது வண்டியாச்சே, விடலாமா? எது முன்பக்கம்னு தெரியல. அதான் ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சேன்," என்றாள் மாலதி.

இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் உள்ள வண்டி. இன்னும் வார்னிஷ் போடவில்லை. குங்குமம் ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்க மஞ்சள் கட்டத்தில் சிவப்பு படர்ந்து, சுற்றியிருந்த பச்சையும் சேர்ந்து உரிந்தது. கத்திவிட்டேன். மாலதி அழுதாள். நிவி "Appa, stop" என்றாள். நிறுத்தினேன். பொரி யாரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

தப்பு என்னுடையது. வார்னிஷ் போடாத இன்ஜினைக் கூடத்தில் வைத்தது நான். மாலதியிடம் சொன்னேன். "சரி, காபி குடி" என்றாள்.

இன்ஜினின் இரண்டு முகத்தையும் சுரண்டிவிட்டேன். அந்தப் பச்சை ஒரு சொட்டு மிச்சமில்லை. திரும்பக் கலந்தால் அதே பச்சை வராது, ஒட்டுப்போட்டது தெரியும். ஆலனிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். பொட்டு உட்பட.

சிரித்தார். இருமல் வரும்வரை. பிறகு, முகம் முழுக்க மஞ்சள் அடி என்றார். அவர் பதினெட்டு வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பிறகு அங்கே ரயில்வேயில் அப்படித்தான் அடித்தார்களாம், உடம்பு பச்சையாகவே இருக்க. அவர் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா கடிதத்தில் எழுதியிருந்தாராம்: "இப்போது உனக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தே நான் தெரிவேன்."

அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவில்லை. போகவேண்டும் போகவேண்டும் என்று இருந்ததில் அவர் போய்விட்டார். இதைச் சொல்லும்போது சிரிப்பில்லை.

அக்டோபர் 4, சனி

காற்று இல்லை, புண்ணியம். மஞ்சள் மூன்று கோட். மாலதி ஹேர் டிரையர் பிடித்தாள். நல்ல மஞ்சள். பூசணிப்பூ மாதிரி. வார்னிஷ் போட்டாயிற்று. இரவு அலமாரியின் மேல்தட்டில், எட்டாத உயரத்தில். மாலதி பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். மறந்துபோய் லேட். ஆலன் சட்டை மாற்றி, தலை வாரி, நாற்காலியில். மாலதியும் நிவியும் சுண்டலோடு.

இன்ஜினை அந்தக் கோடியில் தண்டவாளத்தில் வைத்தேன். ஸ்விட்சைத் திருப்பினேன். பாதையிலிருந்த குட்டிச் சுரங்கத்துக்குள் போயிற்று. ஆலன் முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பார்வை மிச்சமிருக்கும் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தை விட்டு மஞ்சள் வெளியே வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கை மேலே போய்விட்டது, ஸ்டேஷனில் நிற்கிற பையன் மாதிரி ஆட்டிக்கொண்டு.

"வருது," என்றார்.