எட்டுக் கைக்காரி

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். அந்த நேரம் பார்த்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அக்கா இருந்த மனநல மருத்துவமனையின் பழைய கட்டடத்தை இடித்தபோது, அங்கிருந்தவர்கள் வரைந்த படங்கள் ஓர் அலமாரியில் கிடைத்தனவாம். கண்காட்சி வைக்கப்போகிறார்கள். ஒரு படத்தின் பின்பக்கம் அக்காவின் பெயர்.

"அவங்க வந்து பாத்து சரின்னு சொன்னாதான் வெப்போம்" என்றாள்.

அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

மார்ச் 5

இன்றும் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் மட்டும் சொன்னேன். அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வாயில் ஏதோ பாட்டு. இப்படி இருக்கிறவளிடம் போய் அந்த இடத்துப் பேச்சை எடுப்பதா? மறுபடி படுத்துவிட்டால்? சோறும் பேச்சும் நின்று, நான் போனால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளே — அந்த நாட்கள் திரும்ப வந்தால் யார் தாங்குவது?

"பயம் அவங்களுக்கா, உனக்கா?" என்றார் இவர்.

இவருக்கென்ன, சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

மார்ச் 10

இவர் உளறிக்கொட்டிவிட்டார்!

அக்கா அடுப்படிக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "என் படத்துக்கு நீங்க ரெண்டு பேரும் என்னடி மாநாடு போடறீங்க? எப்போ போறோம்?"

மார்ச் 15, சனி

போனோம். அவள் பச்சைப் புடவையில் ஜம்மென்று வந்தாள். நான்தான் வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் அறையிலேயே இரும்புக் கட்டில், கட்டிப்போடும் தோல் வார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை.

"என்னைக் கட்டல. பக்கத்துக் கட்டில் பொண்ணைக் கட்டினாங்க. அவ அழுவா, நான் காலைப் பிடிச்சுவிடுவேன்." கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இது இங்கயே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

அப்புறம் அவள் படம். நீல மையில் ஒரு பெண். எட்டுக் கைகள், ஒவ்வொன்றிலும் ஏதோ தொங்குகிறது. பெரிதாகத் திறந்த வாய். கீழே தற்காலிகமாக ஒட்டியிருந்த சீட்டில் 'நோயின் அச்சம்' என்று இருந்தது.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அச்சமா? ஐயோ, இவ என் தங்கச்சிங்க! ஞாயித்துக்கிழமையானா பழம், சோப்பு, தொவச்ச துணின்னு சுமந்துக்கிட்டு வருவா. ரெண்டு கை எப்படிப் போதும்?" என் பக்கம் திரும்பினாள். "வாசல்லயே பேச ஆரம்பிச்சிடுவ. அதான்டி வாய் அவ்ளோ பெருசு."

அருங்காட்சியகத்துப் பெண்ணும் சிரித்துவிட்டாள். "மன்னிச்சிருங்கம்மா, நாங்களா நெனச்சுக்கிட்டோம்" என்றாள்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவரைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேனே. என்னைப் பார்த்திருக்கிறாள். நான் வந்த ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள். சொல்லத்தான் முடியவில்லை அவளுக்கு. இத்தனை வருஷம் இது தெரியாமலே... கடவுளே.

மார்ச் 16

அழுததில் கண் வீங்கிவிட்டது. கடையில் கேட்டவர்களிடம் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரல் 12, சனி

கண்காட்சி திறந்தார்கள். படத்தின் பெயர் இப்போது 'என் தங்கை வருகிறாள்'. அக்காவின் பெயர் முழுதாக, இனிஷியலோடு. அவள்தான் அப்படிப் போடச் சொன்னாள்.

எதிர்வீட்டம்மாவும் வந்திருந்தார். என் காதருகே குனிந்து, "உங்கக்கா அங்கயா இருந்தாங்க? சொல்லவே இல்லையே" என்றார். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஆமாங்க, அங்கதான் இருந்தேன். படத்தைப் பாத்தீங்களா? மூக்கு அப்படியே இவ மூக்கு."

எதிர்வீட்டம்மா என் மூக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஆமா, அதேதான்!" என்றார்.

மே 3, சனி

சனிக்கிழமைகளில் வந்து பார்வையாளர்களோடு பேச முடியுமா என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். நான் துணைக்கு வருவதாக இருந்தேன், கடையில் லீவும் சொல்லிவிட்டேன். "நீ வந்தா என்னைப் பேச விடுவியா?" என்று கிளம்பிப்போய்விட்டாள். பஸ்ஸில், தனியாக.

என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா படுத்தேன். எப்போது தூங்கினேனோ.

"எழுந்திருடி. டீ ஆறுது" என்று அக்கா எழுப்பினாள்.