நாலு கிளவுஸ், ஒரு ஆள்

புதன், ஜூலை 9, 2003

காலையிலிருந்து மழை. பயிற்சி இல்லை. புதன் என்பதால் எனக்கு எண்ணெய் முழுக்கு. பிறகு பேஸ்பாலில் பந்து பிடிக்கும் என் கிளவுஸ் நாலுக்கும், அதே நல்லெண்ணெய். முதல் பேஸில் நின்று பிடிக்கப் பெரியது, இரண்டாவதுக்குச் சின்னது, மூன்றாவதுக்கு ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒன்று. அணியில் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு இடம். எனக்கு அன்றைக்கு யார் இல்லையோ அவருடைய இடம். ஒன்பது வருஷமாய் இந்தப் பேஸ்பால்தான் பிழைப்பு. சொல்லப்போனால், நல்ல பிழைப்பு.

மத்தியானம் கோச் போன். திங்கள் புது ஆள் வருகிறானாம். சனி ஆட்டம் முடிய ஒருவரை அணியிலிருந்து அனுப்பவேண்டும். நான், இல்லாவிட்டால் என்னோடு ஆடும் ரிக். ரிக்குக்கு 24. எனக்கு 33. என்னை அனுப்பினால் இனி எந்த அணியும் எடுக்காது.

மனைவி சுதாவிடம் சொன்னேன். "அனுப்பட்டும், பாப்பம். முதல்ல எண்ணெய்க் கையால கதவைத் தொடாதேங்கோ."

வியாழன்

வெயில். வாங்க வேண்டியவை: பால், மகளுக்குச் செருப்பு, நல்லெண்ணெய்.

அம்மா இருக்கும் லாசால் பக்கம் போய், அவரைச் சனி ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். ஒருநாளும் வந்ததில்லை.

"உனக்கு இன்னும் நிரந்தரமா ஒரு இடம் தரேல்லையோ, தம்பி?"

"இல்லை அம்மா."

"அப்ப நான் வாறன்."

கோச்சிடம் ஏதோ பேசி இடம் வாங்கித் தரும் உத்தேசம் போல.

வெள்ளி

ஆட்டம். முழுக்க பெஞ்ச். சூரியகாந்தி விதை தின்று நாக்கு எரிவு. ரிக் இரண்டு பந்து அருமையாகப் பிடித்தான். கைதட்டினேன். மனசோடுதான், முக்கால்வாசி. பயமாக இருக்கிறது.

சனி

என்ன நாள்!

மூன்றாம் பேஸில் தொடங்கினேன். இரண்டாவது பேஸில் நின்றவருக்குக் கால் பிரண்டது, அங்கே போனேன். பிறகு ஷார்ட்ஸ்டாப். எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸ். ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கிளவுஸ் மாற்றினேன். ஒரு பந்தும் விடவில்லை.

மேலே பார்வையாளர் இருக்கையில் அம்மா அழாக்குறையாம். "என்ன பிழை விட்டவன்? ஏன் என்ர பிள்ளையை ஓரிடத்தில நிக்க விடுறாங்களில்லை?" சுதா சிரித்துச் சிரித்து விளக்கியும் நம்பவில்லை.

கடைசி இன்னிங்ஸ், சமநிலை, மூன்றாம் பேஸில் நம் ஆள், அவன் ஓடிவந்து சேர்ந்தால் வெற்றி. அடித்தேன், இடைவெளியில் போனது. ஓடினேன். அடித்ததும் கீழே போடவேண்டிய மட்டையோடு! யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட் புத்தி. முதல் பேஸில் மட்டையை நீட்டி வைத்தும் விட்டேன். காலும் பேஸில் பட்டதால் தப்பினேன். வெற்றி. பெஞ்சில் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள்.

பிறகு கோச் அறைக்குக் கூப்பிட்டார். ரிக் வெளியே வந்தான், கண் சிவந்து. கட்டிப்பிடித்தான். "உன் கிளவுஸ் நாறுது," என்றான்.

கோச் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உன்னை அனுப்பினால் நான் நாலு பேரைத் தேட வேண்டும். போ, சாப்பிடு."

வாசலில் அம்மா, இடியப்பப் பெட்டியோடு.

"நிரந்தரமாக்கிப் போட்டாங்களோ?"

"ஓம் அம்மா."

"எந்த இடத்தில?"

ஞாயிறு

நல்ல வெயில். அணிப் பட்டியல் ஒட்டியாயிற்று. என் பெயருக்கு நேரே இடம் எழுதவில்லை. நாலு கிளவுஸும் பையில்.