சேதி சொன்னவள்

கோயமுத்தூர்
18.11.1993

அன்புள்ள கிருபா,

நலம்தானே? சேலம் போட்டியிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு வருவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமா, சங்கடமா?

கயல்விழியின் அம்மா பிழைத்துக்கொண்டாளாம். சந்தோஷம். ஆனால் அரையிறுதி அன்று காலையில் நீ கயலிடம் சேதியைச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டாய். காலில் அடிபட்டு ஒருத்தி ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். ஏழு பேரோடு போன அணியில் கயலும் போனதும் மிச்சம் ஐந்து பேர்தான்; ஆறு பேர் இல்லாமல் ஆட விடமாட்டார்கள். இறங்காமலே தோற்றோம். 'போட்டி முடியும்வரை வீட்டுச் சேதி எதுவும் பிள்ளைகளுக்குப் போகக்கூடாது' என்ற விதியை, மாவட்ட வாலிபால் அணிக்குக் கோச்சான நீயும் சங்கச் செயலாளரான நானும் சேர்ந்துதானே எழுதினோம்? கோப்பை கிடைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் காலேஜில் சீட் கிடைத்திருக்கும். என் வீட்டுக்கு வந்து அழுதார்கள்.

பதற்றத்தில் விதி ஞாபகம் வரவில்லை என்று சங்கக் கமிட்டிக்கு ஒரு வரி எழுதிக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
சென்னியம்மாள்


சோமனூர்
23.11.1993

அன்புள்ள சென்னி,

விதி ஞாபகம் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன், மன்னித்துக்கொள்.

லாட்ஜுக்கு வந்த போனை நான்தான் எடுத்தேன். கயலின் அப்பா காளிச்சாமி. "ஏனுங்க டீச்சர், பாவாத்தாளப் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க. கண்ணே தொறக்கலீங்க. புள்ளைய அனுப்பி உடுங்க" என்று அழுதார்.

பங்காளிச் சண்டை, தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று வந்த சேதிகளை இதே விதியைச் சொல்லி நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் அதை எழுதினோம். இது அப்படியல்ல. ஆட்டம் முடிந்து சொல்லியிருந்தால், அம்மாவைப் பார்ப்பதா ஆடுவதா என்பதை அவளுக்குப் பதிலாக நான் முடிவு செய்தது போலாகும்.

சொன்னேன். "இருந்தாலுஞ் சேரி, போனாலுஞ் சேரி கண்ணு" என்றேன். "டீம் என்னாகுமுங்க டீச்சர்?" என்று கேட்டாள். "அது என்ற பாடு, நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வந்தேன். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிடவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பாவாத்தாள் பிழைத்ததால் நான் செய்தது தப்பா? செத்திருந்தால் சரியாகியிருக்குமா?

கிருபா


கோயமுத்தூர்
10.12.1993

கிருபா,

கமிட்டி உன்னைக் கோச் வேலையிலிருந்து இரண்டு வருஷம் விலக்கியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. சிநேகிதிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று என்னால் நடக்க முடியாது.



சென்னியம்மாள்


கோயமுத்தூர்
6.1.1995

அன்புள்ள கிருபா,

ஒரு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இதை நீ பிரித்துப் படித்தாலே போதும்.

என் மகள் லோகப்பிரியா இப்போது மாவட்ட அணியில் ஆடுகிறாள். பொங்கல் கழிந்ததும் மதுரையில் போட்டி. அதே வாரம் எனக்கு ஆபரேஷன்; மார்பில் கட்டி. அவளிடம் சொல்லவில்லை, ஆட்டம் கெட்டுவிடும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேதியைச் சொல்வீர்களா என்று புதுக் கோச்சிடம் கேட்டேன். "விதி நீங்க போட்டதுங்களே மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

கோச்சாகத்தானே உன்னை விலக்கினோம்? ஆட்டம் பார்ப்பவர்களோடு நீ உட்காருவதை யாரும் தடுக்க முடியாது. மதுரைக்குப் போவாயா? கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் உன்னை விட்டால் அவளிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உன்
சென்னி


சோமனூர்
9.1.1995

அன்புள்ள சென்னி,

போகிறேன். ஆனால் ஆபரேஷன் விஷயத்தை முதலில் நீயே அவளிடம் சொல். கேட்ட பிறகும் ஆடுகிறேன் என்றால் மதுரைக்கு அவள் கூடப் போகிறேன். அம்மாகூட இருக்கிறேன் என்றால் நானும் ஆஸ்பத்திரியில் உங்களோடு இருக்கிறேன். இரண்டில் எது என்பதை நீ முடிவு செய்யாதே, அம்மணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் சொல்லிவிடு.

கிருபா