தவிட்டுக்கு வாங்கிய பெயர்

வெள்ளிமலை,
ஐப்பசி 22.

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஹைதராபாத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்த பகலில் நன்றாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்க கரியராமர் துணையிருக்கட்டும். இங்கே நாலு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, காலையில் பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் கலையவில்லை. மரவள்ளி நன்றாக இறங்கியிருக்கிறது என்று அப்பா சொல்கிறார், அவருக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ஜெர்மனிக்குப் போகும் காகிதமெல்லாம் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து சந்தோஷமும் பயமும் மாறி மாறி வருகிறது, அங்கே குளிர் நம் மலைக்குளிர் மாதிரி இருக்காதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே.

போனில் சொல்லியிருக்கலாம், எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் அப்பா இ-சேவை மையத்தில் எடுத்து அனுப்பிய பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அம்மா இது யாரோ சாலம்மாளோட சர்டிபிகேட், தேதியும் உங்க பேரும் மட்டும் எப்படி சரியா இருக்குது என்று நீ கேட்டாய். கம்ப்யூட்டரில் தப்பாக ஏறியிருக்கும், மாற்றி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அது பொய். அந்தச் சான்றிதழ் உன்னுடையதுதான். சாலம்மாள் நீதான்.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னதில்லை. நீ பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன்னை ஒரு முறத்தில் படுக்கவைத்து கொல்லைக் குப்பைமேட்டின் மேல் வைத்தோம். பிள்ளை தங்காத வீட்டில் அப்படிச் செய்து, பெற்ற பிள்ளைகளெல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் பிள்ளையைக் கொண்டுபோக வந்தது ஏமாந்து போய்விடும் என்பது நம் பக்கத்து வழக்கம். நாலு வீடு தள்ளி இருக்கிற சாலம்மா அக்காவுக்கு அப்போதே ஐந்து பிள்ளைகள், கடைசிப் பையன் சுபாஷ் கைக்குழந்தை. அக்கா ஒரு படி சாமைத் தவிட்டோடு வந்து, இன்னாமே, யாரு பெத்துப் போட்ட கொழந்த இது, விக்கிறியா என்று கேட்டது. விக்கிறேன் என்று பெற்றவள் மூன்று தரம் சொல்ல வேண்டும். எனக்கு முதல் இரண்டு தரமும் உதடுதான் அசைந்தது, மூன்றாவது தரம்தான் சத்தம் வந்தது. அக்கா தவிட்டை உன் அப்பாவின் துண்டில் கொட்டிவிட்டு உன்னை எடுத்துப் பால் கொடுத்தது. ஒரு ராத்திரி தன் வீட்டில் வைத்திருந்து மறுநாள் கொண்டுவந்து என் மடியில் போட்டு, இது எம்புள்ள, பத்தரமா பாத்துக்கோ, அஞ்சும் தங்குன வவுறு என்னுது, எம்பேரு இருந்தா இதுவும் தங்கும் என்று சொல்லிவிட்டுப் போனது. பேர் எழுத வந்த நர்சம்மாவிடமும் அக்காதான் சாலம்மாள் என்று சொன்னது. வாங்கியவள்தான் பேர் வைக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலி செய்ய உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். நம் வீட்டில் ஒருநாளும் யாரும் உன்னை அப்படிச் சொன்னதில்லை. நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய்.

அக்காவுக்கு அந்தப் பேர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதன் அம்மா சாமை விதைக்கிற அன்று வலி கண்டு, உழுதுபோட்ட ஏர்ச்சால் ஓரத்திலேயே பெற்றுவிட்டதாம், அதனால் சாலம்மாள். நான் சிறுமியாக இருந்தபோது இந்தப் பக்கத்தில் ஐந்தாறு சாலம்மாள் இருந்தார்கள், இப்போது எனக்குத் தெரிந்து அக்கா ஒன்றுதான். என் பேரே என் வீட்டில் வைத்தது கிடையாது. வீட்டில் நான் வெள்ளச்சி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த வாத்தியார் ஒரே காலையில் எங்கள் மூன்று பேருக்குக் கலையரசி, கலைச்செல்வி, கலைவாணி என்று எழுதிவிட்டார், எங்களைப் பெற்றவர்கள் தலையாட்டிவிட்டு வந்தார்கள். இப்போது என் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருபத்தாறு பிள்ளைகள், அதில் மூன்று யாழினி, இரண்டு கனிஷ்கா. போன மாதம் அஜித் தன் பெண்ணுக்கு மித்ரக்ஷா என்று எழுதச் சொன்னான், என்ன அர்த்தம் என்று கேட்டேன், அர்த்தம் இன்னாத்துக்கு டீச்சர், பக்கத்து வூட்ல இல்லாத பேரா இருந்தா போதும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் அதைத்தானே செய்தேன்.

கள்ளக்குறிச்சியில் நான் பி.ஏ. படித்தபோது முதல் பெஞ்சில் சிவரஞ்சனி என்று ஒருத்தி இருந்தாள். வருகைப் பதிவில் அந்தப் பேரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து எழுந்து பதில் சொல்வாள். என்னைக் கூப்பிட்டால் எனக்குச் சத்தமே வராது, பல நாள் இருந்தும் இல்லாதவளாகப் பதிவாகியிருக்கிறேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பேரை எழுதினேன். நீ அவளைப் போல எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தது உண்மை. டிகிரி வாங்கியவள் பிள்ளையைக் குப்பையில் வைத்து விற்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்ததும் உண்மை. பிழைக்குமா என்று தெரியாத வரைக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது, பிழைத்துவிட்டாய், வேண்டாமல் போயிற்று.

நீ நாலாவது படிக்கும்போது சாலம்மா அக்கா வேகவைத்த மரவள்ளியைத் துணியில் முடிந்துகொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று, அடியே சாலு, சூடா இருக்குது வாடி என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா. உன் வகுப்புச் சந்தோஷும் மற்றப் பையன்களும் சாலு சாலு சால்னா என்று ஒரு வாரம் உன்னை அழவைத்தார்கள். அது ஏன் என்னை அப்படிக் கூப்பிடுகிறது என்று நீ கேட்டாய், அது எல்லாப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடும் என்றேன். அன்று சாயங்காலமே போய், அக்கா, இனிமே அவள அந்தப் பேருல கூப்புடாதீங்க என்று சொன்னேன். அக்கா களை வெட்டிக்கொண்டிருந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரி, டீச்சரு சொன்னா சரி என்றது. மறுநாளிலிருந்து உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. நீ நர்சிங் படிக்கக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்பில் உன் கையில் தினைமாவு உருண்டையைக் கொடுத்துவிட்டு அழுதபோது, அதற்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று உனக்குச் சொன்னவளும் நான்தான்.

இப்போது சாலம்மாளும் சிவரஞ்சனியும் ஒரே ஆள் என்று சான்று வாங்க வேண்டும், அதற்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருத்தர் சாட்சி போட வேண்டும் என்று இ-சேவை மையத்தில் சொன்னார்கள். வேறு யார் இருக்கிறார்கள். இரண்டு நாள் அக்கா வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், மூன்றாவது நாள் உள்ளே போய்விட்டேன். மனு தமிழில்தான் இருந்தது, நான் விஷயத்தைச் சொன்னேன். அதைக் கேட்டு அக்கா, இன்னா கலையரசி, எம்பேர எடுக்கறதுக்கு எங்கிட்டயே கையெழுத்தா, நல்லா படிச்சிக்கினு வந்த போ என்று சிரித்தது. அது கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இன்னா எழுதியிருக்குது படி என்றது. சாலம்மாள் என்கிற சிவரஞ்சனி என்று படித்தேன். இன்னொருவாட்டி என்றது. நாலு தரம் படிக்கவைத்தது. மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுத்தது.

முந்தாநாள் மலையிறங்கி அதைக் கள்ளக்குறிச்சி ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, மனுவுலயும் சாலம்மாள், சாட்சியிலயும் சாலம்மாள், தனக்குத்தானே சாட்சி போட்டுக்க முடியுமா, இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு இந்தப் பேரா, யாரு காதுல பூ சுத்தற என்று திருப்பித் தள்ளினார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். என் குணம் உனக்குத் தெரியும், பஸ்ஸில் பாக்கிச் சில்லறைகூடக் கேட்கமாட்டேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அக்காவின் கையெழுத்தைப் பார்த்தேன், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் புள்ளியைக் கோட்டுக்கு வெளியே வைத்திருந்தது. திரும்பிப் போய், சாலம்மாள் ரெண்டு பேருங்க, ஒருத்தி எம்பொண்ணு, இன்னொருத்தி அவளத் தவுட்டுக்கு வாங்குனவங்க, வித்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் முழுக் கதையையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். வரிசையில் ஒரு அம்மா, எங்க ஊட்டுக்காரு பேரு தவுட்டான்ங்க, இப்ப புரியுதா என்று ஆபீசரைக் கேட்டது. அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். பதினைந்து நாளில் வந்துவிடும், உன் பயணத்துக்குத் தடை இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. விற்ற பிள்ளை ஊரெல்லை தாண்டுவதற்குள் புதுப்புடவையும் அதே அளவு தவிடும் கொடுத்துப் பெற்றவள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நீ நர்சிங்குக்குக் கிளம்பியபோதே செய்திருக்க வேண்டும், நான் செய்யவில்லை, செய்தால் நடந்தது உனக்குத் தெரிந்துவிடுமே. நேற்றுக் காலை பச்சைச் சுங்குடிப் புடவையும் ஒரு படி சாமைத் தவிடும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா புடவையைப் பிரித்துப் பார்த்து, கலரு நல்லா கீது என்று தோளில் போட்டுக்கொண்டது. தவிட்டைத் தொடவில்லை. வாங்கனவளுக்கு விக்க மனசு வரணும்ல, எனக்கு வர்ல, எடுத்துகினு போ என்றது. கெஞ்சினேன், மாட்டேன் என்றுவிட்டது.

ஆகவே நம் வழக்கப்படி நீ ஜெர்மனிக்குப் போகும்போது அக்காவின் பிள்ளையாகத்தான் போகிறாய். அதை மாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை, என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் சரி. சிவரஞ்சனியாகவே இரு, அந்தப் பேர் உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சுபாஷ் போனுக்குக் கூப்பிடு, அப்போதுதான் அவர்கள் வீட்டுப் பக்கம் டவர் கிடைக்கும். அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, யார் என்று கேட்டால் சாலு பேசுகிறேன் என்று சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம், பெரியம்மா என்று உனக்குக் கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. மாட்டுக்கு வைக்கட்டுமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் அந்தத் தவிட்டை டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

போகிற இடமெல்லாம் உன் கை பட்டவர்கள் பிழைத்து எழட்டும். கம்பளிக் குல்லா மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
கலையரசி