பேராசிரியருக்கு வந்த பூ

நவம்பர், செவ்வாய். ஹ்விடோவ்ரே, டென்மார்க்.

மால்டா நாட்டுச் சட்டப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பேசுகிறார். பெரிய மனிதர்களின் ஊழலைச் சட்ட நூலாக எழுதினார்; ஒருவரும் படிக்கவில்லை. அதையே நாவலாக்கினார், கொலை மிரட்டல் வந்தது. இலக்கியத்துக்கு இன்னும் வாசகர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில்தான் தங்குவதாக இருந்தார், அது இரகசியம்.

செயலாளர் சிவம் அண்ணை இன்று பூரிப்போடு சொன்னார்: "பேராசிரியர் ஐயாவின்ர சிநேகிதர் போன் எடுத்தவர். பூ அனுப்பப் போறாராம்."

"என்ர வீட்டு விலாசம் குடுத்தனீங்களோ அண்ணை?"

"ஓம். எந்த மாடி எண்டும் சொன்னனான். விருந்தாளிக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். டென்மார்க்கில் தனக்குச் சிநேகிதர் எவரும் இல்லை என்றார். வேறிடத்தில் தங்கிக்கொள்கிறாராம். எனக்கு அந்த வசதி இல்லை.

மாலையில் கதவடியில் பூச்செண்டு இருந்தது. அட்டையில் என் பெயர் எழுதியிருந்தது.